கட்டும் உதிரியும்

இருபத்து மூன்று எழுதச் சொன்னேன். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி சிலேட்டில் 203 என்று எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள். "தப்பு" என்று சொல்லி அழித்துவிட்டு 23 எழுதிக் கொடுத்தேன். போய் உட்கார்ந்து அதைப் பத்து முறை எழுதினாள். மறுநாள் முப்பத்தைந்து சொன்னேன். 305 வந்தது.

தென்காசிப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளி எங்களுடையது. ஒன்று முதல் மூன்று வரை என்னிடம். நான்கும் ஐந்தும் தலைமை ஆசிரியரிடம். மூன்று வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு ஒரு சிலேட்டின் முன்னால் நின்று யோசிக்க நேரம் ஏது? அழித்து எழுதிக் கொடுப்பதுதான் எனக்குத் தெரிந்த விரைவான வழி. மூன்றாவது நாளும் அதே கதை நடந்தபோது, சலிப்போடு, "நீயே இதை வாசி பார்ப்போம்" என்றேன். 20க்கு அடியில் விரலை வைத்து "இருபது" என்றாள். விரலை நகர்த்தி 3க்கு அடியில் வைத்து "மூன்று" என்றாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இதில் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்பதைப் போல இருந்தது அந்தப் பார்வை.

குறை ஒன்றும் இல்லை. காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருந்தாள். இருபதை எப்படி எழுதுவது என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மூன்றையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இரண்டும் சேரும்போது அந்தப் பூஜ்யம் எங்கே போகிறது என்பதை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்போது எனக்கு ஆசிரியப் பணியில் 14 ஆண்டுகள் முடிந்திருந்தன.

அதுவரை நான் எண் சொல்லிக் கொடுத்த விதம் எல்லாரும் அறிந்ததுதான். காலையில் ஒருவன் முன்னால் நின்று ஒன்று முதல் நூறு வரை சொல்வான், மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். பார்வையிட வரும் அதிகாரிகளுக்கு அது பிடிக்கும். எனக்கும் பிடித்திருந்தது. 203க்குப் பிறகு சந்தேகம் வந்து, நன்றாக ஒப்பிக்கும் பையன் ஒருவனைக் கூப்பிட்டு 16 புளியங்கொட்டைகளை எண்ணி வைக்கச் சொன்னேன். பிசகாமல் எண்ணினான். பக்கத்தில் 16 என்று எழுதினேன். 6ஐச் சுட்டி, "இது எவ்வளவு, கொட்டையில் காட்டு" என்றேன். ஆறு கொட்டைகளைத் தள்ளி வைத்தான். 1ஐச் சுட்டினேன். ஒரு கொட்டையைத் தள்ளினான். மிச்சம் ஒன்பது கொட்டைகள் நடுவில் கிடந்தன. "இவை?" என்றேன். "அவை சும்மா இருக்கின்றன, டீச்சர்" என்றான்.

குழந்தைகளின் சிந்தனை வளரும் விதத்தை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயிடம் பயின்ற கான்ஸ்டன்ஸ் காமி என்ற ஆய்வாளர் இதே கேள்வியை அமெரிக்கக் குழந்தைகளிடம் கேட்டு, இதே பதிலைப் பெற்றதைப் பிற்பாடு ஒரு பயிற்சியில் கேள்விப்பட்டேன். அங்கே 'சிக்ஸ்டீன்' என்ற சொல்லில் பத்து ஒளிந்திருக்கிறது. நம் பையன் வாயிலோ "பதினாறு" என்று பத்து முன்னால் வந்து நிற்கிறது. அப்படியும் அந்த 1 அவனுக்கு ஒரு கொட்டைதான்.

குச்சிக்கு மாறினேன். குச்சிக் கட்டு ஒன்றும் புதிய சரக்கில்லை. 2007இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் வந்தபோதே பள்ளிக்கு அட்டைகளும் உபகரணங்களும் வந்தன. அழுக்காகிவிடும், தொலைந்துவிடும் என்று பாதியை பீரோவில் பூட்டி வைத்தவள் நான். இம்முறை தொலைந்தால் கவலைப்படாத பொருளாக வேண்டும் என்று சந்தையில் இரண்டு வாரியல் வாங்கினேன் (விளக்குமாற்றை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்). ஈர்க்குகளைப் பிரித்து, நுனியின் மெல்லிய பகுதியைக் கழித்துவிட்டு, விரல் நீளத்துக்கு ஒடித்தோம். நீளம் ஒன்றாக இருப்பது முக்கியம். நீளக் குச்சியும் குட்டைக் குச்சியும் கலந்தால், நீளமானது பெரிய எண் என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தை நினைத்துக்கொள்ளும். கட்டுவதற்கு ரப்பர் பேண்ட் வாங்கினேன். ஒரு வாரத்தில் பாதி அறுந்தது, மீதி ஒருவர்மேல் ஒருவர் அடிக்கப் போனது. கடைசியில் சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கி மெல்லிய வளையங்களாக வெட்டினேன். அவை வருடக்கணக்கில் உழைக்கின்றன. சிறு கைகள் மாட்டவும் கழற்றவும் வசதி.

முதல் நாளே ஒரு சறுக்கல். பத்துக் குச்சிகளை எண்ணி வளையம் மாட்டித் தூக்கிக் காட்டி, "இது ஒரு கட்டு. ஒரு கட்டில் எத்தனை?" என்றேன். பின்வரிசையிலிருந்து பதில் வந்தது: "இருபத்தைந்து, டீச்சர்."

வகுப்பே தலையாட்டியது. எங்கள் ஊரில் பாதி வீடுகளில் பீடித்தட்டு உண்டு. 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஆயிரம், ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அம்மா பீடிக்கடைக்குப் புறப்படுமுன் கட்டுகளை எண்ணி அடுக்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். கட்டு என்றால் 25. நான் பத்தைக் கட்டிவிட்டு அதைக் கட்டு என்றால் அது குறைந்த சரக்கு.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் உறைத்தது. நான் எதைச் சொல்லிக் கொடுக்கத் திணறிக்கொண்டிருந்தேனோ அது அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. பல பொருள்கள் சேர்ந்து ஒரு பொருளாகும். அந்த ஒன்றைப் பிரித்து எண்ணாமலே எண்ணலாம். ஒரு கட்டு, இரண்டு கட்டு என்று எண்ணினாலும் உள்ளே 25, 50 என்று ஏறிக்கொண்டிருக்கும். முட்டை வியாபாரியின் மகனைக் கேட்டால் ஓர் அட்டைக்கு 30 என்பான். பத்தில் தனி மகிமை எதுவும் இல்லை. எண்ணை எழுதும் முறைக்கு நாம் பத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், அவ்வளவே. "பீடிக்கு 25, முட்டைக்கு 30, கணக்குக்குப் பத்து" என்று பலகையில் எழுதிப் போட்டேன். பெயரையும் மாற்றினோம். வெறும் கட்டு என்று சொல்லாமல் பத்துக்கட்டு. மிஞ்சிய குச்சிகளுக்கு உதிரி. புத்தகத்தில் பத்துகள், ஒன்றுகள் என்று இருக்கும். அந்தச் சொற்களை இரண்டு மாதம் கழித்துத்தான் கொண்டுவந்தேன்.

அடுத்து வந்ததுதான் என் பொறுமையைச் சோதித்த பகுதி. ஒரு பிடி குச்சியைக் கொட்டி, முதலில் எத்தனை இருக்கும் என்று ஊகிக்கச் சொல்வேன். பிறகு கட்டிப் பார்க்க வேண்டும். ஒரு சிறுமி நான்கு கட்டுக் கட்டினாள், ஏழு உதிரி. "மொத்தம் எத்தனை?" என்றேன். நான்கு வளையங்களையும் கழற்றி எல்லாக் குச்சியையும் கலந்துவிட்டு, ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தாள். நாற்பத்து ஏழில் முடித்தாள். மறுபடியும் கட்டச் சொன்னேன். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் கழற்றினாள்.

"பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று எண்ணேன்" என்று சொல்லிக் கொடுக்க நாக்கு துடித்தது. ஓரிருவருக்குச் சொல்லியும் கொடுத்தேன். அவர்கள் என் எதிரில் அப்படி எண்ணிவிட்டு, நான் நகர்ந்ததும் கழற்றினார்கள். கட்டுக்குள் பத்து இருக்கிறது என்பதை அவர்கள் நம்பவில்லை. நம்பிக்கை சொல்லி வருகிற சமாச்சாரமா? அவளை விட்டுவிட்டேன். ஏறக்குறைய மூன்று வாரம் கழற்றிக் கழற்றி எண்ணினாள். பிறகு ஒரு நாள் வளையத்தைக் கழற்றப் போன கை பாதியில் நின்றது. கட்டைத் திருப்பிப் பார்த்தாள், கீழே வைத்தாள், நாற்பத்து ஒன்று என்று உதிரியிலிருந்து தொடர்ந்தாள். தனக்கு முன்னால் யாரும் எண்ணாததை எண்ணியவள்போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

இதில் நான் செய்த இரண்டு தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். நேரம் மிச்சம் என்று வீட்டில் உட்கார்ந்து முப்பது கட்டுகளைக் கட்டி எடுத்துப்போனேன். பிள்ளைகள் தாங்கள் கட்டாத கட்டை நம்பவே இல்லை, எல்லாவற்றையும் பிரித்தார்கள். ஒன்றில் ஒன்பதுதான் இருந்தது. அவர்கள் நம்பாதது சரிதான். இன்னொன்று, நான் அவர்களுக்கு எதிரில் உட்கார்ந்து கட்டுகளை என் இடப்பக்கமும் உதிரியை வலப்பக்கமும் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் உதிரி இடப்பக்கம், கட்டு வலப்பக்கம். 47ஐ 74 என்று எழுதினார்கள் என்று எத்தனை பேரைக் கடிந்திருப்பேன்! பாயில் அவர்கள் அருகே, அவர்கள் பார்க்கும் திசையையே பார்த்து உட்கார ஆரம்பித்த பிறகு அந்தத் தலைகீழ் எழுத்து வெகுவாகக் குறைந்தது.

எண்களின் வரிசையையும் கலைத்தேன். பாடநூல் 11, 12, 13 என்று போகும். நான் பத்துக்கட்டுகளில் தொடங்கினேன்: பத்து, இருபது, முப்பது என்று வெறும் கட்டுகள். அடுத்து நாற்பதுகள், ஐம்பதுகள். 11 முதல் 19 வரை கடைசியில்தான். காரணம் நம் சொற்கள்தாம். 'நாற்பத்து இரண்டு' என்றால் நான்கு பத்தும் இரண்டும் காதிலேயே கேட்கிறது. 'பன்னிரண்டு' என்பதில் பத்து உருத்தெரியாமல் தேய்ந்திருக்கிறது. தெளிவாகக் கேட்பதில் பழகிவிட்டுத் தேய்ந்ததற்கு வந்தால் குழந்தையே பிடித்துக்கொள்கிறது. "பன் என்றால் பத்தா, டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். ஆமாம் என்றேன். கடையில் விற்கும் பன்னை வைத்து அன்று முழுக்கச் சிரிப்பு.

ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளைகள் 'ஃபோர்ட்டீன்' என்று கேட்டு 4ஐ முதலில் எழுதி 41 ஆக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தமிழில் பதினான்கு என்று பத்து முன்னால் வருவதால் அந்தத் தொல்லை குறைவு. இந்தியில் 29க்கு 'உன்தீஸ்'. முப்பதுக்கு ஒன்று குறைவு என்று பொருள். நூறு வரை தனித்தனியாக நெட்டுருப் போட வேண்டிய மொழிகளோடு ஒப்பிட்டால் நமக்குப் பாதிப் பாரத்தை மொழியே சுமக்கிறது. வீட்டில் தமிழில் எண்ணிப் பழகாமலே குழந்தையை ஒன், டூ என்று தொடங்கிவைக்கும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கும். கையிலிருக்கும் வசதியை விட்டுவிட்டுக் கஷ்டமான பக்கமாக ஏறச் சொல்கிறோம்.

தமிழிலும் ஓர் இடத்தில் பள்ளம் உண்டு: ஒன்பது. ஒன்றுகளில் உட்கார்ந்துகொண்டு 'பது' என்று முடியும். ஒன்பது பத்துகளுக்குப் பெயர் தொண்ணூறு. அதில் நூறு கேட்கும். ஒன்பது நூறுகளோ தொள்ளாயிரம். அதில் ஆயிரம் கேட்கும். ஒன்பதுக்குப் பழந்தமிழில் தொண்டு என்று ஒரு சொல் உண்டு. இந்தத் திரிபுக்கு நன்னூலில் விதியே இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளையிடம் நன்னூலைக் கொண்டுபோக முடியுமா? "எண்பத்து ஒன்பது, எண்பத்துப் பத்து" என்று ஒருவன் எண்ணிக்கொண்டே போனான். முன்னால் இருந்தால் தலையில் தட்டியிருப்பேன். இப்போது பார்த்தால் அவன் கணக்கு சரி. எட்டுக் கட்டு, பத்து உதிரி. "பத்து உதிரி இருந்தால் என்ன செய்வோம்?" என்றேன். வளையத்தை எடுத்தான். ஒன்பது கட்டாயிற்று. "இதற்குத்தான் தொண்ணூறு என்று பெயர், பெயர் கொஞ்சம் கோணல்" என்றேன். அதற்குப் பிறகு தொண்ணூறு வருமிடமெல்லாம் வகுப்பே "கோணல்" என்று கத்தும்.

சரி, அந்த 203க்கு வருகிறேன். குச்சியில் அவளுக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை. இரண்டு கட்டு, மூன்று உதிரி என்று நொடியில் எடுத்து வைப்பாள். எழுதச் சொன்னால் 203. குச்சி வேறு, சிலேட்டு வேறு. இரண்டையும் இணைக்க எதுவும் இல்லை.

ஒரு மாண்டிசோரி பள்ளிக்குப் போனபோது எண் அட்டைகளைப் பார்த்தேன். மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் முறையில் இந்த அட்டைகளுக்குப் பெரிய இடம் உண்டு. 10, 20, 30 எல்லாம் இரண்டு கட்டம் அகல அட்டைகள். 1 முதல் 9 வரை ஒரு கட்டம் அகலம். 20 அட்டையின் பூஜ்யத்தின்மேல் 3 அட்டையை வைத்தால் 23. தூக்கினால் பூஜ்யம் அடியில் அப்படியே இருக்கும்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி இதைச் செய்தேன். பத்திரிகை அட்டை கனமாக இருப்பதால் மடங்காது. கட்டம் இம்மி பிசகக் கூடாது. முதல் தடவை 3 கொஞ்சம் ஒடுங்கிப்போய், பூஜ்யத்தின் விளிம்பு பக்கவாட்டில் எட்டிப் பார்த்தது. பிள்ளைகள் அதைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார்கள். அவளிடம் 20ஐயும் 3ஐயும் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். 203. "மேலே ஏற்று" என்றேன். 3 நகர்ந்து பூஜ்யத்தின்மேல் ஏறியது. தூக்கிப் பார்த்தாள். இறக்கினாள். மறுபடி தூக்கினாள். "பூஜ்யம் கீழே ஒளிந்திருக்கிறது" என்று பக்கத்துப் பிள்ளையிடம் ரகசியம்போலச் சொன்னாள். அன்றைக்கு அவள் வேறு பாடம் எதையும் படிக்கவில்லை. நானும் கட்டாயப்படுத்தவில்லை.

அந்த வாரம் பலகையில் ௨௰௩ என்று எழுதிக் காட்டினேன். தமிழ் எண்களில் பத்துக்கே தனிக் குறி உண்டு: ௰. இரண்டு, பத்து, மூன்று என்று சொல்கிறபடியே எழுதுவார்கள், பூஜ்யமே வேண்டாம். "உன்னைப் போலத்தான் நம் முன்னோரும் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறார்கள்" என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கு முன்னோரைப் பற்றி அக்கறை இல்லை. ௰ குறியை வரைவதில்தான் இருந்தது. சிலேட்டு முழுக்க வரைந்தாள்.

பணத்தை வைத்துச் சொல்லிக் கொடுக்கலாமே என்று பலர் கேட்பார்கள். கொடுக்கலாம், ஆனால் தொடக்கத்தில் வேண்டாம். பத்து ரூபாய்த் தாளுக்குள் பத்து ஒரு ரூபாய்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிரித்துப் பார்க்க முடியாது. கட்டில் நம்பிக்கை வந்த பிறகு, நான்காவது மாதம், கடை விளையாட்டு வைத்தேன். நிஜமான பத்து ரூபாய் நாணயங்களைக் கொண்டுபோனதும் கடைக்காரனாக உட்கார்ந்திருந்த பையன் கையால் தள்ளிவிட்டான். "இது செல்லாது, டீச்சர்." செல்லும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியும் எங்கள் ஊர்க் கடைகளில் அன்று யாரும் வாங்குவதில்லை. அவனும் வாங்க மறுத்துவிட்டான். தாளாக மாற்றிக்கொண்டு வந்த பிறகே வியாபாரம் நடந்தது.

அந்தக் கடை விளையாட்டு கழித்தலுக்கு உதவும் என்று நான் நினைத்திருக்கவில்லை. 32இல் 7 போனால்? ஆளாளுக்கு 35 என்று எழுதினார்கள். பெரியதில் சிறியதைக் கழித்துப் பழகிய கை, 7இல் 2ஐக் கழித்துவிடும். நான் படித்த காலத்தில் "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்பார்கள். வாங்கிய கடன் திரும்பாத இடம் அது ஒன்றுதான். நான் ஒருவனிடம் மூன்று கட்டையும் இரண்டு உதிரியையும் கொடுத்து, "எனக்கு ஏழு குச்சி கொடு" என்று கை நீட்டினேன். உதிரியைப் பார்த்தான், போதாது. கட்டைப் பிரிப்பான் என்று காத்திருந்தேன். அவன் ஒரு முழுக் கட்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, "மூன்று மீதி கொடுங்கள்" என்றான்.

கொடுத்தேன். இரண்டு கட்டு, ஐந்து உதிரி. 25.

புத்தக முறைப்படி கட்டைப் பிரித்து 12 உதிரியாக்கி ஏழை எடுக்க வேண்டும். இனமாற்றம் என்று அதற்குப் பெயர். அவன் வழியில் பத்திலிருந்து ஏழு போக மூன்று, அதோடு இருந்த இரண்டைச் சேர்த்தால் ஐந்து. பத்துக்குள் கழிக்கத் தெரிந்தால் போதும். இரண்டு வழியும் பலகையில் போட்டேன். வகுப்பில் பெரும்பாலோர் மீதி வாங்கும் வழிக்கே போனார்கள். தேர்வுத் தாளில் புத்தக முறைதான் வேண்டும் என்று யாராவது சொல்வார்களோ என்று கொஞ்சம் பயம் இருந்தது. யாரும் சொல்லவில்லை.

2022இல் தொடக்க வகுப்புகளுக்கு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்து, குழந்தைகளை வகுப்பைப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து உட்கார வைக்கச் சொன்னபோது என்னைப் போன்ற ஈராசிரியர் பள்ளிக்காரர்களுக்குப் பெரிய அதிர்ச்சி ஏதும் இல்லை. கழற்றி எண்ணுகிறவர்கள் ஒரு பாயிலும், கழற்றாமல் எண்ணுகிறவர்கள் இன்னொரு பாயிலும் என்று ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். பதிவேட்டில் ஏற்றும் வேலைதான் கூடியது.

நூறு வந்த நாளில் பத்துப் பத்துக்கட்டுகளையும் சேர்த்துக் கட்ட டியூப் வளையம் போதவில்லை. ஒரு பையன் தன் அரைஞாண் கயிற்றை அவிழ்க்கப் போனான். தடுத்து, சேலைப் பார்சல் வந்த சணல் கயிற்றைக் கொடுத்தேன். கட்டி முடித்துப் பெரிய கட்டை ஆளுக்கொரு தடவை தூக்கிப் பார்த்தார்கள். பின்வரிசையில் அன்று இருபத்தைந்து என்று சொன்னவன் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "எங்கள் வீட்டில் நான்கு கட்டே நூறு, டீச்சர். உங்கள் கட்டு சின்னது."

203 எழுதிய பெண் அடுத்த ஆண்டு மூன்றாம் வகுப்புக்கு வந்தாள், அதே அறையில், அதே பாயில். ஜூலையில் ஒரு நாள் நூற்று ஐந்து எழுதச் சொன்னேன். 1005 என்று எழுதினாள். சிலேட்டை என்னிடம் நீட்டப் போனவள் பாதி வழியில் நின்று அதைப் பார்த்தாள். பிறகு அலமாரிப் பக்கம் போய், "நூறு அட்டை செய்து வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள்.

செய்திருக்கவில்லை. அன்று மதியம் பத்திரிகைகளை எடுத்து மூன்று கட்ட அகலத்துக்கு இருவரும் வெட்டினோம்.